நாலாம் மட்டம் எல்லா ஊரிலும் நாலா?

வாசகர் கேள்வி:

ஐயா, எனக்கு வயது 29. கிளிநொச்சிப் பக்கம். சாதாரண தரம் எழுதிவிட்டுப் பதினேழு வயதில் மாமாவின் கராஜுக்குப் போனேன். இன்றுவரை அங்கேதான் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் ஆர்.பி.எல். முறையில், அதாவது வகுப்புக்குப் போகாமல் கைவேலை அனுபவத்தை மதிப்பிட்டுத் தருகிற முறையில், மோட்டார் மெக்கானிக்குக்கான என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) மட்டம் 4 எடுத்தேன். இப்போது வவுனியாவில் ஒரு முகவர் ஜேர்மனிக்கு அனுப்புவதாகச் சொல்கிறார். "உங்கட மட்டம் 4உம் ஐரோப்பாவின்ர மட்டம் 4உம் ஒண்டுதான். எல்லா நாடும் சேர்ந்து செய்த ஏற்பாடு. அங்க இறங்கினவுடன நீங்கள் தகைமையுள்ள தொழிலாளி" என்கிறார். மொத்தம் 18 இலட்சம், முற்பணம் 5 இலட்சம். காணியை ஈடு வைக்கலாம் என்கிறார் மாமா. இணையத்தில் தேடினேன். தேசியத் தகைமைச் சட்டகம், சர்வதேச ஒத்துழைப்பு, யுனெஸ்கோ, உலக வங்கி என்று நிறைய வருகிறது. வாசித்தால் முகவர் சொல்வது சரி மாதிரித்தான் இருக்கிறது. இத்தனை நாடுகள் கூடிச் செய்தது என்றால் என் சான்றிதழ் அங்கே செல்லுமா, செல்லாதா?

பதில்:

தம்பி, காணி உறுதியை எடுத்த இடத்திலேயே வைத்துப் பூட்டச் சொல்லுங்கள் மாமாவிடம். மிச்சக் கதையை ஆறுதலாகப் பேசலாம்.

அந்த முகவர் சொல்கிற மாதிரி உங்கள் சான்றிதழ் அங்கே செல்லாது. அதற்காக அது பெறுமதியில்லாத தாள் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இலங்கைக்குள் அது அரசாங்கம் தந்த தகைமை. கைவேலையைக் காட்டி வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் ஒரு கோபம் தெரிகிறது: இத்தனை நாடுகள் கூடி இருந்து அப்படி எதைத்தான் செய்தார்கள்? அந்தக் கேள்விக்கு விடை சொன்னால்தான் 5 இலட்சத்தை ஏன் கொடுக்கக் கூடாது என்பதும் விளங்கும். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முகவர் சொன்னதில் உண்மையும் இருக்கிறது. இலங்கையின் தேசிய தொழில் தகைமையில் மட்டம் 4 உண்டு. ஐரோப்பியத் தகைமைச் சட்டகத்திலும், அதாவது தகைமைகளைப் படிபடியாக அடுக்கிய அவர்களுடைய ஏணியிலும், மட்டம் 4 உண்டு. ஜேர்மனியில் மூன்று, மூன்றரை வருடம் தொழில் பழகி முடித்தவரை வைத்திருப்பதும் அந்த நாலில்தான். ஆனால் இலங்கையின் ஏணிக்கு ஏழு படி. ஐரோப்பாவின் ஏணிக்கு எட்டுப் படி. இரண்டையும் ஒரே சுவரில் சாத்தி, எந்தப் படிக்கு எந்தப் படி நேர் என்று அளந்து, இரண்டு பக்கமும் ஏற்றுக்கொண்ட தாள் ஒன்றும் கிடையாது. இரண்டு வீட்டுக்கும் கதவிலக்கம் 4 என்பதற்காக ஒரே திறப்புப் போடுமா?

இந்த இலக்க விளையாட்டுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். சாதாரண இளமாணிப் பட்டத்தை எடுங்கள். அவுஸ்திரேலியாவின் சட்டகத்தில் அதற்கு 7ஆம் படி. மலேசியாவில் 6. ஐரோப்பியச் சட்டகத்திலும் 6. ஸ்கொட்லாந்தில் மொத்தம் 12 படி. அங்கே சாதாரணப் பட்டம் 9இலும் சிறப்புப் பட்டம் 10இலும் இருக்கிறது. இதையெல்லாம் விடுங்கள், நம் நாட்டுக்குள்ளேயே இரண்டு ஏணி. தொழில் பக்கத்து என்.வி.கியூ.வில் பட்டம் என்றால் 7. உயர்கல்வி அமைச்சு வெளியிட்ட இலங்கைத் தகைமைச் சட்டகத்துக்கு 12 படி. உலக வங்கியின் உதவியோடு நடந்த உயர்கல்வித் திட்டத்தில் செய்தது அது. என்.வி.கியூ. 7 அங்கே போனால் 5க்கு நேராக நிற்கும், என்.வி.கியூ. 6 நாலுக்கு நேர், 5 மூன்றுக்கு நேர். ஒரே ஆள், ஒரே படிப்பு, கொழும்பில் ஒரு கட்டடத்தில் இருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போனால் இலக்கம் மாறுகிறது. இனி யாராவது "நீ நாலு" என்று சொன்னால், எந்த ஏணியில் என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள்.

இந்தப் படிகள் எப்படி வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். 2004க்கு முன் இலங்கையில் தொழிற்பயிற்சி கொடுத்த நிறுவனங்கள் தங்கள் தங்கள் சான்றிதழைத் தாங்களே அச்சடித்தன. ஒருவருடைய வெல்டிங் சான்றிதழ் மூன்று மாதத்தில் வந்தது, இன்னொருவருடையது ஒன்றரை வருடத்தில் வந்தது. வேலைக்கு எடுக்கிறவருக்கு இரண்டும் வெல்டிங்தான். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் என்.வி.கியூ. வந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் நடந்த திறன் அபிவிருத்தித் திட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு அதைப் பொறுப்பெடுத்தது. 1 தொடக்கம் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். 2இலும் 3இலும் இருப்பவர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்வார், 4இல் இருப்பவர் தனித்துச் செய்வார். ஒவ்வொரு தொழிலுக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுவதற்குத் தேர்ச்சி நியமம் என்று பெயர். அதை எழுதத் தொழில் தெரிந்தவர்களையே கூப்பிட்டு இருத்துவார்கள்.

அப்படி ஒரு பட்டறையில் நானும் இருந்தேன். குளிரூட்டிய மண்டபம், சுவர் முழுக்க மஞ்சள் தாள், முன்னால் ஒரு வெளிநாட்டு ஆலோசகர், பக்கத்தில் மொழிபெயர்க்க நாங்கள் இரண்டு பேர். எஞ்சின் வேலையைத் துண்டு துண்டாக வெட்டித் தாளில் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் ஒரு வயதான கராஜ் பாஸ். நகக்கண்ணில் கிறீஸ் போகாமலே வந்திருந்தார். இரண்டு மணித்தியாலம் பேசாமல் இருந்தவர் கையைத் தூக்கினார்.

"எல்லாம் சரி. நான் எஞ்சின்ர சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டர் அடிக்கேல்லை எண்டு சொல்லுவன். அதை எந்தத் தாளில ஒட்டப் போறியள்?"

மொழிபெயர்த்துச் சொன்னோம். ஆலோசகர் சுவரைப் பார்த்தார். பிறகு ஒரு தாளைத் தொட்டு, பிழை கண்டறிதல் என்று இருக்கிறதே, அதற்குள் அடங்கும் என்றார். பாஸ் சிரித்தார். "அடங்கட்டும், அடங்கட்டும்." தேநீர் வரும்வரை வேறொன்றும் அவர் சொல்லவில்லை.

அந்த ஆலோசகர் கெட்டிக்காரர், நல்ல மனுசன். நம் ஆட்களை மதித்தார். அவர் கொண்டுவந்த அச்சு அப்படி. அது அவருடைய அச்சும் இல்லை. இந்த யோசனை 1980களில் இருந்து ஊர் ஊராகச் சுற்றி வந்தது. ஸ்கொட்லாந்தில் முளைத்தது. நியூசிலாந்து 1990இல் இதற்கென்றே ஒரு அதிகாரசபை அமைத்து முழு நாட்டுக்கும் விரித்தது. அங்கிருந்து தென்னாபிரிக்காவுக்குப் போனது. தென்னாபிரிக்கக் கதை உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் உங்களைப் போன்றவர்களின் கதைதான் அது. நிறவெறி ஆட்சியில் கறுப்பினத் தொழிலாளி இருபது வருடம் மெஷினில் நின்று எல்லாம் தெரிந்து வைத்திருப்பார். கையில் ஒரு துண்டுத் தாள் இருக்காது. நேற்றுப் படித்துவிட்டு வந்த வெள்ளைக்காரப் பையனுக்கு அவரே வேலை பழக்கி, அவனுக்குக் கீழேயே வேலை செய்வார். எங்கள் கைக்குள் இருக்கிற அறிவைக் கணக்கில் எடுங்கள் என்று உலோகத் தொழிலாளர் சங்கம் நிமிர்ந்து கேட்டது. ஆர்.பி.எல். என்று நீங்கள் போய் வந்த அந்த மதிப்பீட்டுக்குப் பின்னால் இப்படி ஒரு கோரிக்கை இருக்கிறது. 1995இல் சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் ஒரே சட்டகம்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். தாளில் எழுதுகிற வேலை தொடங்கி நிற்கவே இல்லை. ஒவ்வொரு சின்ன வேலைக்கும் ஒரு நியமம் என்று பத்தாயிரத்துக்கும் மேல் எழுதிக் குவித்தார்கள். அவற்றில் பெரும்பகுதியை ஒரு ஆள்கூட எடுத்ததில்லை. 2008இல் சட்டத்தையே மாற்ற வேண்டி வந்தது. சர்வதேச தொழில் நிறுவனம் 16 நாடுகளின் சட்டகங்களை ஆராய்ந்து 2010இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. அந்தப் பதினாறில் இலங்கையும் ஒன்று. சட்டகம் வந்தால் வேலை கிடைக்கும், நாடு விட்டு நாடு தகைமை செல்லும் என்று தொடக்கத்தில் சொன்ன பலன்களுக்கு அந்த அறிக்கையில் ஆதாரம் அதிகம் இல்லை. அதையெல்லாம் பார்த்த பிறகும் நாடுகள் சட்டகம் எழுதுவதை நிறுத்தவில்லை. இன்றைக்கு 150க்கு மேற்பட்ட நாடுகளில் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது, அல்லது எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் என்று கேட்டால், நான் கண்ட அளவில் சொல்கிறேன். சட்டகம் எழுதக் கடனும் கொடையும் லேசில் வரும். இரண்டு வருடத்தில் முடியும், அச்சடித்த புத்தகம் ஒன்று கையில் வரும், அமைச்சர் வெளியிடுவார், படம் எடுக்கலாம். ஒரு பயிற்சி நிலையத்தில் ஹைபிரிட் வாகனத்துக்கான ஸ்கானரை வாங்கி, அதைப் பாவிக்கத் தெரிந்த போதனாசிரியரைச் சம்பளம் கொடுத்துப் பத்து வருடம் வைத்திருப்பதற்கு அந்த ஆர்வம் வராது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம். ஜேர்மனியின் காசு அங்கே கட்டடமாக, பட்டறையாக, இயந்திரமாக வந்து இறங்கியது. ஒத்துழைப்பு என்றால் எனக்கு அப்படி இருக்க வேண்டும். ஆனால் ஜேர்மன் காசில் கட்டியது என்பதற்காக அங்கே ஜேர்மன் சான்றிதழ் தருவதாக யாரும் எண்ண வேண்டாம். அங்கும் என்.வி.கியூ.தான். இதைச் சொல்லக் காரணம், அடுத்த முகவர் அந்தக் கதையோடு வருவார்.

சரி, நாடுகளுக்கு இடையில் உண்மையாகவே என்ன உடன்பாடு இருக்கிறது? ஐரோப்பாவின் சட்டகம் 2008இல் வந்தது, 2017இல் திருத்தினார்கள். அதை ஒரு மொழிபெயர்ப்பு அகராதி மாதிரிப் பாருங்கள். ஒவ்வொரு நாடும் தன் சட்டகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் மூன்றாம் படி உங்கள் எட்டில் எதற்கு நேர் என்று ஒரு அறிக்கை எழுதும். மற்ற நாடுகள் இருந்து கேள்வி கேட்கும், குடையும். இதில் வருடங்கள் ஓடும். ஜேர்மனிக்கே உள்வீட்டுச் சண்டை தீர நாள் எடுத்தது. பல்கலைக்கழகம் புகுவதற்கான அபிட்டூர் பரீட்சை பெரிதா, மூன்று வருடத் தொழிற்பயிற்சி பெரிதா என்று இழுபறி. அபிட்டூரைப் படியில் ஏற்றாமலே சட்டகத்தைத் தொடங்கினார்கள். கடைசியில் 2017இல் இரண்டையும் ஒரே நாலில் வைத்தார்கள். தொழிலில் மைஸ்டர், அதாவது மேற்பரீட்சை முடித்த தலைமைத் தொழிலாளி, ஆனவரை இளமாணிப் பட்டதாரிக்குச் சமமாக 6இல் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் ஒரு பாஸைப் பட்டதாரிக்குப் பக்கத்தில் இருத்தினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். கலியாணத் தரகர்தான் முதலில் எதிர்ப்பார்.

ஐரோப்பாவுக்கு வெளியிலும் சில நாடுகளோடு இப்படி ஒப்பிட்டிருக்கிறார்கள்: அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹொங்கொங், பின்னர் உக்ரேன். இலங்கையோடு இல்லை. தென்கிழக்காசிய நாடுகள் ஆசியான் என்ற பெயரில் தங்களுக்கென்று எட்டுப் படிச் சட்டகம் ஒன்று வைத்திருக்கின்றன. நாம் ஆசியானிலும் இல்லை. இனி இதைக் கவனியுங்கள். ஐரோப்பாவுக்குள் இந்த அகராதியில் நாலுக்கு நாலு என்று ஏற்றுக்கொண்ட இரண்டு நாடுகளுக்கு இடையில்கூட, இலக்கத்தைக் காட்டியதும் வேலை தர வேண்டும் என்று சட்டம் இல்லை. தொழிலை அங்கீகரிப்பதற்கு அவர்களிடம் வேறு சட்டம், வேறு கந்தோர். போலந்துக்காரர் ஒருவருக்கே இல்லாத வசதியை வவுனியாவில் இருந்து ஒருவர் உங்களுக்கு விற்கப் பார்க்கிறார்.

யுனெஸ்கோ என்று எழுதியிருந்தீர்கள். அதன் உலகளாவிய உடன்படிக்கை 2019இல் நிறைவேறி 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. நல்ல உடன்படிக்கை. ஒரு வெளிநாட்டுத் தகைமையை ஏற்க மறுப்பவர், பெரிய வித்தியாசம் இருக்கிறது என்று தானே காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் அது உயர்கல்விக்கு. கராஜுக்கு இல்லை. பொறியியலாளருக்கு வொஷிங்டன் உடன்பாடு இருக்கிறது. 1989இல் தொடங்கியது, இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல் சேர்ந்தது. அது நன்றாக வேலை செய்கிறது. ஏனென்றால் அங்கே யாரும் இலக்கத்தை நம்பவில்லை. ஒரு நாட்டுக் குழு மற்ற நாட்டுக்குப் போய், பாடநெறிகளை அங்கே எப்படிப் பரிசோதிக்கிறார்கள் என்று கூட இருந்து பார்க்கும். பார்த்த பிறகுதான் கையெழுத்து. மெக்கானிக்குக்கு அப்படிப் போய் இருந்து பார்த்தவர் யாரும் இல்லை.

அதனால் ஒவ்வொரு நாடும் தானே பரிசோதிக்கிறது. சவூதியைப் பாருங்கள். கையில் சான்றிதழ் இருந்தாலும் பல தொழில்களுக்குத் தன் திறன் சரிபார்ப்புத் திட்டத்தின் கீழ் தானே ஒரு சோதனை வைத்துத்தான் உள்ளே விடுகிறது. ஜேர்மனி வேறு விதம். கையைவிடத் தாளைத்தான் கூடுதலாகப் பார்க்கும்.

ஜேர்மனியில் 2012 ஏப்ரலில் இருந்து இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. உங்கள் தொழிலுக்குப் பொறுப்பு அந்தந்தப் பகுதிக் கைவினைஞர் சபை. அவர்கள் உங்கள் சான்றிதழை எடுத்துத் தங்கள் நாட்டுத் தொழில் ஒன்றின் பக்கத்தில் வைப்பார்கள். உங்களுக்கு அது வாகன மெக்கட்ரோனிக்கர், அதாவது வாகனத்தின் இயந்திர வேலையும் மின்னியல் வேலையும் சேர்ந்த தொழில். மூன்றரை வருடப் பயிற்சி, கிழமையில் சில நாள் கராஜ், சில நாள் பள்ளிக்கூடம். நீங்கள் எத்தனை மாதம் படித்தீர்கள், என்னென்ன பாடம், எத்தனை மணித்தியாலம், அதில் மின்னியல் எவ்வளவு, உயர் மின்னழுத்த வாகனம் உண்டா என்று பார்ப்பார்கள். வேலை அனுபவத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள், அதற்கும் எழுத்து வேண்டும். கடைசியில் முழுச் சமம் என்றோ, பகுதிச் சமம், இன்னின்ன குறைகிறது என்றோ, இல்லை என்றோ எழுத்தில் தருவார்கள். கட்டணம் பெரும்பாலும் 100 யூரோவில் இருந்து 600 யூரோவுக்குள். தாள் எல்லாம் சேர்ந்த பிறகு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது அவர்கள் சட்டம். இந்த விண்ணப்பத்தை இங்கே இருந்துகொண்டே நீங்களே போடலாம். 18 இலட்சம் எங்கே, இந்தக் கட்டணம் எங்கே.

உங்களுக்கு இடிக்கிற இடம் இதுதான். நீங்கள் ஆர்.பி.எல். வழியில் வந்தவர். பன்னிரண்டு வருடம் பழகினீர்கள், ஆனால் பயிற்சி என்று தாளில் ஒரு நாளும் இல்லை. இருப்பது மதிப்பீட்டு நாள் மட்டும். ஜேர்மனி 2024 மார்ச்சில் கதவைக் கொஞ்சம் அகட்டியது உண்மை. ஜேர்மன் அங்கீகாரம் இல்லாமலே, சொந்த நாட்டில் அரசு ஏற்ற தகைமையும் வேலை அனுபவமும் ஒரு குறைந்தபட்சச் சம்பளமும் இருந்தால் போகலாம் என்று ஒரு வழி. வேலை ஒப்பந்தத்தோடு போய், அங்கே இருந்துகொண்டே அங்கீகாரத்தை முடிக்கலாம் என்று இன்னொரு வழி. அதற்கு ஜேர்மன் மொழியில் ஏ2, அதாவது ஆரம்பநிலையின் இரண்டாம் படி, வேண்டும். முகவர்கள் இந்த இரண்டையும் வைத்துத்தான் கதைக்கிறார்கள். ஆனால் இரண்டுக்குமே குறைந்தது இரண்டு வருடப் பயிற்சிக்குப் பிறகு கிடைத்த தகைமை என்று சட்டத்தில் இருக்கிறது. மதிப்பீட்டின் முடிவில் வந்த உங்கள் சான்றிதழை அந்தக் கணக்கில் எடுப்பார்கள் என்று நம்பி ஒரு சதமும் கட்ட வேண்டாம்.

எனக்கு இதில் மனவருத்தம் உண்டு. தாள் இல்லாதவனுக்காகத் தென்னாபிரிக்காவில் பிறந்த கோரிக்கை, ஊர் ஊராகச் சுற்றி வந்து உங்களுக்கு ஒரு தாள் தந்தது. அந்தத் தாள் எல்லையில் போய் நின்றால், இதற்குப் பின்னால் உள்ள தாள் எங்கே என்று கேட்கிறார்கள்.

என்ன செய்யலாம்? ஜேர்மனிதான் என்றால் இரண்டு பாதை தெரிகிறது. ஒன்று, இங்கேயே ஏறுவது. மட்டம் 4 கையில் இருப்பதால் 5க்கும் 6க்கும் விண்ணப்பிக்கத் தகுதி உண்டு. அறிவியல்நகரிலும் கேளுங்கள், யாழ்ப்பாணத்தில் உள்ள பல்கலைக்கழகக் கல்லூரியிலும் கேளுங்கள். முழுநேரமாகப் படித்து முடித்தால் பயிற்சிக் காலம், பாடம், மணித்தியாலம் எல்லாம் எழுத்தில் வந்துவிடும். ஜேர்மன்காரர் கேட்கிற மொழியில் பேசும் தாள் அதுதான். மற்றது, அங்கே போய்ப் பயிலுநராகத் தொடங்குவது. அதற்கு உங்கள் என்.வி.கியூ.வை யாரும் சமப்படுத்திப் பார்க்கத் தேவையில்லை. பயிற்சி ஒப்பந்தம் வேண்டும், மொழி வேண்டும், ஏ2க்கு அடுத்த படியான பி1 அளவாவது. பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவு உண்டு. 29 வயதில் பதினேழு வயதுப் பையன்களோடு நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதா என்று மனம் கூசும். கூசட்டும். மூன்றரை வருடத்தில் அந்த நாட்டுத் தாளே கையில் இருக்கும். ஒரு நாள் அங்கே சொந்தமாகக் கராஜ் போட நினைத்தால் மைஸ்டர் ஆக வேண்டும் என்பது அவர்கள் சட்டம். அதற்கும் இந்தத் தாளே அடி.

எந்தப் பாதை என்றாலும் மொழியை இந்த மாதமே தொடங்குங்கள். முற்பணத்தில் ஒரு பங்குதான் ஆகும்.

முகவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அமைதியாகக் கேளுங்கள்: வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திர இலக்கம் என்ன? எந்தக் கராஜ், எந்த நகரம், சம்பளம் எழுதிய ஒப்பந்தம் எங்கே? என் மட்டம் 4 உங்கள் நாலுக்குச் சமம் என்று எந்தக் கைவினைஞர் சபை எழுதித் தந்தது? முதல் இலக்கத்தைப் பணியகத்தில் கேட்டுச் சரிபார்க்கலாம். கடைசிக் கேள்விக்கு அவர் ஒரு வட்ஸ்அப் படத்தைக் காட்டினால் எழும்பி வந்துவிடுங்கள்.

இப்போதைக்கு ஒரு வேலை, காசு செலவில்லாதது. உங்கள் மதிப்பீட்டுக்குக் கொடுத்த கோப்பு, அதில் இருந்த படங்கள், எந்தெந்த அலகுகளில் தேர்ச்சி என்ற விபரம் எல்லாவற்றையும் தேடி ஒரு இடத்தில் சேருங்கள். உங்கள் தொழிலுக்கான தேர்ச்சி நியமத்தின் ஆங்கிலப் பிரதியையும் எடுங்கள். பிறகு மாமாவிடம் ஒரு கடிதம். "என் மருமகன் பல வருடமாக வேலை செய்கிறார், கெட்டிக்காரன்" என்று எழுதித் தருவார். அது வேண்டாம். எந்த மாதம் எந்த வருடம் தொடங்கி எது வரை, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், கிளச், கியர் பொக்ஸ், பிரேக், வயரிங், ஏசி என்று என்னென்ன, அதில் எதைத் தனியாகச் செய்தீர்கள், எதை அவர் பக்கத்தில் நின்று பார்த்தார் என்று ஒவ்வொன்றாக. கராஜின் வியாபாரப் பதிவு இலக்கமும் வேண்டும். பதிவு இல்லையென்றால் முதலில் பிரதேச செயலகத்துக்குப் போய் அதை எடுக்கச் சொல்லுங்கள். காணியை ஈடு வைக்கத் துணிந்த மனுசன் அதற்கு ஒரு நாள் லீவு போட மாட்டாரா?